எலிக்கு இறங்கிவிட்டது, எனக்கு எப்போது?

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ வேலை பார்த்து வயிறு வளர்க்கிறார்கள். நான் எலிக்கு ரத்த அழுத்தம் பார்த்து வளர்க்கிறேன்.

மலாக்காவில், காஜா பேராங் சாலையோரம் ஒரு பழைய பங்களா. மருந்து இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்று அதன் பின்கட்டில் சின்ன ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிறது. ரத்த அழுத்தத்தை இறக்குகிற புது மருந்துகளை அங்கே எலிக்கும் முயலுக்கும் பூனைக்கும் கொடுத்துப் பார்ப்பார்கள். என்னை வேலைக்கு எடுத்தது அறிவுக்காக இல்லை. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் விரல் முட்டியில் அடித்து அடித்துத் திருத்திய என் கையெழுத்துக்காக. எலிக்கூண்டில் சீட்டு எழுதி ஒட்டத்தான் கூப்பிட்டார்கள். போகப் போக எலியையே கையில் கொடுத்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எனக்கும் பிரஷர். மகள் மாலதி வயிற்றில் இருந்தபோது கால் வீங்கி, தலை கனத்து, அழுத்தம் ஏறியது. அவள் நல்லபடியாகப் பிறந்துவிட்டாள். ஏறியது மட்டும் இறங்கவில்லை. கிளினிக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: அடுத்த சோதனையிலும் இப்படியே இருந்தால் வார்டில் படுத்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், தாய்ப்பாலை நிறுத்த வேண்டும், பிள்ளையை வேறு யாரிடமாவது விட வேண்டும். கிளேபாங்கில் இருக்கும் என் நாத்தனார் அதைக் கேட்ட அன்றே தொட்டில் வாங்கிவிட்டார். நல்ல மனுஷி. அந்தத் தொட்டிலை நினைத்தால்தான் மகளை எடுத்து மடியில் போட்டுக்கொள்வேன்.

கையில் பட்டையைச் சுற்றி ரப்பர் உருண்டையை அமுக்கும்போதே மூச்சு முட்டுகிற சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான். மகள் தூங்குகிறாள். அவள் விழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வாலுக்குப் பட்டை

மனிதருக்குக் கையில் சுற்றுகிற பட்டையை எலிக்கு வாலில் மாட்ட வேண்டும். எலியை ஒரு கம்பிவலைக் குழாய்க்குள் நுழைத்து, வாலை மட்டும் வெளியே விட்டு, மின்விளக்கு எரிகிற பெட்டியில் வைத்துச் சூடேற்றுவோம். வால் குளிர்ந்திருந்தால் அதில் ரத்தம் ஓடுவதே தெரியாது. சூடேறியதும் வாலின் அடியில் மோதிரம் போல ஒரு ரப்பர் வளையம். காற்றை ஏற்றினால் வாலில் ரத்தம் நின்றுவிடும். மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் திரும்ப ஓட ஆரம்பிக்கும். அப்போது அளவுக்குழாயில் பாதரசம் எங்கே நிற்கிறதோ அதுதான் எலியின் பிரஷர். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் வாலைத் தொட்டேன், அது வளைந்து என் விரலைச் சுற்றிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிடத்துத் தட்டச்சு ஓசை நின்றுவிட்டது. எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஓடி வந்தது தெய்வானை மாச்சீக், மாச்சீக் என்றால் மலாயில் அத்தை. விலங்குகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிறவர். இங்கேயே செட்டி கம்போங் என்கிற கிராமத்தில், தலைமுறையாய் மலாய் பேசும் தமிழர்களிடையே பிறந்தவர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். அவர் சொல்வதை எல்லாம் நான்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். என் கையிலிருந்த எலியை வாங்கித் தடவிக் கொடுத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அலாமா! நீ கத்தின கத்தலுக்கு இதுதான் பாவம் மூத்திரம் போயிடுச்சு, பாரு!"

கரி

பூனை, முயல் போன்ற பெரிய விலங்குகளுக்கு வேறு ஏற்பாடு. மயக்க மருந்து கொடுத்துக் கழுத்து ரத்தக்குழாயில் ஒரு சின்னக் குழாயைச் சொருகி, மறுமுனையைப் பாதரசத்தோடு இணைத்துவிடுவார் டாக்டர். பாதரசத்தின்மேல் மிதக்கிற ஊசி, எதிரே மெதுவாகச் சுற்றும் உருளையில் கோடு கிழிக்கும். உருளையைச் சுற்றிப் பளபளப்புக் காகிதம், காகிதம் முழுக்க விளக்குக் கரி. ஊசி பட்ட இடத்தில் கரி விலகி வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கரியைப் பிடிக்க வைப்பது என் வேலை. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் உருளையைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கிலிருந்து போகாது.

மத்தியானம் மகளுக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடுவேன். பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது மாச்சீக்கின் மருமகள். மகள் பால் குடித்தபடியே தூங்கிவிடுவாள், கன்னத்தையும் உதட்டோரத்தையும் தட்டி எழுப்ப வேண்டும். ஒரு நாள் அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்கும் போய்விட்டு வந்தேன். வழியெல்லாம் எல்லாரும் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பிள்ளை அவ்வளவு அழகு என்று நானும் பூரித்துப்போனேன். கீரைக்காரம்மா மட்டும்தான் மனசு பொறுக்காமல் கேட்டார்.

"திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டியதுதாம்மா, அதுக்காகப் பொம்பளப் பிள்ளைக்கு மீசையா வரையணும்?"

பஸ்ஸில் இடம் பிடிப்பது

என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. நாள் முழுக்க அப்படி என்னதான் செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டார். டாக்டர் எனக்குச் சொன்னதை அவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன்.

பயம் வந்தால், கோபம் வந்தால், உடம்புக்குள் அட்ரினலின் என்று ஒன்று சுரக்கிறது. அது ரத்தத்தோடு போய் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ரிசப்டர் என்கிற இடங்களில் உட்கார்கிறது. பஸ்ஸில் சீட் இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உட்கார்ந்ததும் குழாய் இறுகுகிறது. தோட்டத்தில் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் பீய்ச்சுகிறதே, அதே போல உள்ளே அழுத்தம் ஏறுகிறது. நாங்கள் கொடுக்கும் மருந்து என்ன செய்கிறது? முந்திக்கொண்டு போய் அந்த சீட்டுகளில் கைக்குட்டை போட்டுவிடுகிறது. அட்ரினலின் வந்து பார்க்கும், உட்கார இடம் இருக்காது, நின்றுகொண்டே போய்விடும். குழாய் இறுகாது, பிரஷர் இறங்கும். சில மருந்துகள் கைக்குட்டை மாதிரி, கொஞ்ச நேரத்தில் நகர்ந்துவிடும். சில மருந்துகள் பாசார் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாள் மாதிரி, கடைசி ஸ்டாப் வரை எழுந்திருக்காது.

அந்த மருந்து தானாக ஒன்றும் செய்யாதா என்று கேட்டார். குழாயை அது இறுக்கவும் செய்யாது, பிடித்து இழுத்துத் தளர்த்தவும் செய்யாது. இறுக்க வருகிறவனுக்கு இடம் தராது, அவ்வளவுதான் என்றேன். அவருக்கு அது சரியாகப் படவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"டிக்கெட்டும் எடுக்காம, வேலையும் செய்யாம சீட்டை அடைச்சுக்கிட்டு வர்றவனை எங்க பஸ்ல கழுத்தைப் புடிச்சு இறக்குவோம், உங்க டாக்டர் அவனைக் கப்பல்ல வரவழைச்சு பாட்டில்ல வச்சிருக்காரு!"

ஊசி கீழே போனது

நான் அழுத கதை இது. டாக்டர் ஒரு பூனையை மயக்கத்தில் கிடத்தியிருந்தார். அந்தப் பூனை திரும்ப எழுந்திருக்காது. நான் இந்து வீட்டுப் பெண் என்றாலும், அந்த நேரத்தில் கான்வென்ட்டில் படித்த ஜெபம்தான் தானாக வாயில் வரும். முதலில் கொஞ்சம் அட்ரினலின் கொடுத்தோம். உருளையில் ஊசி செங்குத்தாக மேலே போய் இறங்கியது. அடுத்து அடைக்கிற மருந்து. பிறகு, முன்பு கொடுத்த அதே அளவு அட்ரினலின். நான்தான் மருந்தை ஏற்றினேன். இப்போது ஊசி ஏறாது, அப்படியே நிற்கும் என்று காத்திருந்தேன். அது நிற்கவில்லை. சரசரவென்று கீழே போனது.

மருந்துக் குழல்களை மாற்றி எடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு பூனையை வீணாகக் கொன்றுவிட்டேன், வேலையும் போகப்போகிறது என்று அங்கேயே நின்று தேம்ப ஆரம்பித்தேன். டாக்டரோ உருளையின் முன்னால் குனிந்து, பண்டிகைக்குப் பலகாரம் கண்ட பிள்ளை மாதிரி சிரிக்கிறார்! சீட்டுகள் இரண்டு வகை இருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களாம். ஒரு வகையில் அட்ரினலின் உட்கார்ந்தால் குழாய் இறுகும், மற்றதில் உட்கார்ந்தால் தளரும். எங்கள் மருந்து இறுக்குகிற சீட்டுகளை மட்டும்தான் அடைக்கிறது. முன்சீட்டில் இடம் கிடைக்காத அட்ரினலின் நேரே பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. ஏற்ற வந்தவனே இறக்கிவிட்டுப் போகிறான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். முந்தானையில் கரி. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், உருளையைப் பார்த்தே பேசினார்.

"பிழையெண்டு நீர் நிண்டு அழுறீர் பிள்ளை, இதைத்தான் புத்தகத்திலை படம் போட்டு வைச்சிருக்கினம்."

காதர் பாய்க்கு மருந்து வேண்டாம்

ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பிரஷருக்குப் புது மருந்து காஜா பேராங்கில் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, ஊருக்குள் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார். என் கல்யாணப் புடவை அவர் கடையில் எடுத்ததுதான். "தங்கச்சி, எலிக்குக் குடுக்குறதுல ஒரு ரெண்டு சொட்டு எனக்கும் ஊத்தும்மா. டாக்டரு உப்பைக் குறைங்குறாரு, ஊட்டுல உப்பே போட மாட்டேங்குறாங்க. சோத்துல என்னா வாழ்க்கை இருக்கு?" என்றார். மருந்து தர முடியாது, வேண்டுமானால் பார்த்துவிட்டுப் போங்கள் என்று டாக்டர் அனுமதித்தார்.

அன்றைக்கு முயல். மருந்து கொடுத்த முயலைத் துணியால் பலகையில் இதமாகக் கட்டியிருந்தோம். படுத்திருந்தவரை காதை ஆட்டிக்கொண்டு சுகமாக இருந்தது. டாக்டர் பலகையை மெல்ல நிமிர்த்தினார், தலை மேலே, கால் கீழே. நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் குழாய்கள் தாமே இறுகிக்கொள்ளுமாம். இந்த முயலுக்கு சீட் எல்லாம் அடைத்தாகிவிட்டது, இறுகச் சொல்ல ஆளில்லை. ரத்தம் கீழே வடிந்தது, முயல் தலை தொங்கிவிட்டது. உடனே படுக்க வைத்தோம், கொஞ்ச நேரத்தில் கண் விழித்துத் திருதிருவென்று பார்த்தது. பிரஷர் இறங்குவது என்றால் இதுவும் அதில் சேர்த்திதான் என்று எனக்கும் அன்றுதான் புரிந்தது. வார்டில் எனக்குப் போடப்போகும் ஊசியும் இந்த வகைதானோ என்று பலகையைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். திரும்பிப் பார்த்தால் காதர் பாய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு ஏறுனது ஏறுனபடியே இருக்கட்டும் தங்கச்சி, நான் நாளெல்லாம் நின்னுக்கிட்டே துணி கிழிக்கிறவன்!"

உப்புத் தண்ணீர்

எலிக்குத் தானாகப் பிரஷர் வருவதில்லை. நாம்தான் வர வைக்க வேண்டும். தோலுக்கடியில் ஒரு மருந்து வில்லையை வைத்துவிட்டு, குடிக்க நல்ல தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்து வந்தால் சில வாரங்களில் அழுத்தம் ஏறிவிடும். அப்படி ஏறிய எலிகளை இரண்டு வரிசையாகப் பிரிப்போம். ஒரு வரிசைக்கு அடைக்கிற மருந்து, மற்றதற்கு ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டால்தான் மருந்தின் திறமை தெரியும்.

மருந்து கொடுத்த வரிசைக்கு இறங்கியது. நல்லது. மருந்தே கொடுக்காத வரிசைக்கும் இறங்கியது! டாக்டர் மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தேன், இறக்கம்தான். ரப்பர் வளையத்தை மாற்றினோம், பாதரசத்தைச் சரி பார்த்தோம், நான் வேலையைச் சரியாகச் செய்கிறேனா என்று டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் பக்கத்தில் நின்றதில் என் பிரஷர் ஏறியிருக்கும், எலிக்கு ஏறவில்லை.

கடைசியில் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் சீக்கிரம் போய்விட்டேன். மாச்சீக் குளித்து, திருநீறு பூசி, மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மருந்தில்லாத வரிசையின் புட்டிகளை எல்லாம் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீர்! தாகம் என்று வந்த உயிருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்தால் அடுத்த பிறவியில் நாக்கு வறண்டு சாக வேண்டும் என்பது அவர் கம்போங்கில் எல்லாருக்கும் தெரியுமாம். வெள்ளிக்கிழமை மட்டும் கொடுக்க ஆரம்பித்து, பிறகு மனசு கேட்காமல் தினமும் கொடுத்திருக்கிறார். டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தனை வார வேலையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மாச்சீக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, நியாயம்தான் கேட்டார்.

"அந்த வரிசைக்கு நீங்க மருந்து குடுக்குறீங்க, சரி. இந்த வரிசைக்கு ஒண்ணுமே குடுக்கலையே, நானாவது நல்ல தண்ணி குடுக்கக்கூடாதா?"

எனக்கும் கொஞ்சம்

கிளினிக் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நாத்தனார் தொட்டிலுக்குக் கொசுவலையும் தைத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அலமாரியில் அந்த மருந்து பாட்டில் இருக்கிறது. எத்தனை எலிக்கு இறங்கியிருக்கிறது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கொஞ்சமே கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு சோதனைக்குப் போனால் என்ன? டாக்டரிடமே கேட்டுவிட்டேன். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிடம் அதற்கு முன் நானாக எதையும் கேட்டதில்லை. கேட்ட குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எலிக்கு எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு இறங்கும் என்று தெரியும், பால் கொடுக்கிற பெண்ணுக்கு எவ்வளவு என்று தனக்குத் தெரியாது என்றார். அது பாலில் போகுமா, குழந்தைக்கு என்ன செய்யும் என்பதும் தெரியாது. வார்டில் ஊசி போடுகிறவர்களாவது படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருந்து பார்ப்பார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும்போது அந்த முயல் மாதிரி விழுந்தால் யார் பிடிப்பது? பிரசவத்தோடு வந்த அழுத்தம் நிறையப் பேருக்குத் தானாகவே இறங்கிவிடும், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரும் என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு, எலிக்கு மட்டும் தைரியமாகக் கொடுக்கிறீர்களே என்று முணுமுணுத்துவிட்டேன். அவர் எழுந்து போய் அலமாரியைப் பூட்டிவிட்டு வந்தார்.

"எலி செத்தா நான் இன்னொரு எலி எடுப்பன் பிள்ளை, நீர் செத்தா உம்மடை மகளுக்கு நான் எங்கை போய் இன்னொரு தாய் எடுக்கிறது?"

மெர்டேக்கா வெடி

சுதந்திர நாள் வந்த வாரம். ஊரெல்லாம் தோரணம், கடை கடையாய்க் கொடி. எலிக்கு விடுமுறை கிடையாது என்பதால் எங்களுக்கும் கிடையாது. நான் இரண்டு எலிகளை விளக்குப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒன்று மருந்து சாப்பிட்டது, ஒன்று சாப்பிடாதது. வளையத்தில் காற்றை விட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே சீனர் கடை மாடியிலிருந்து தொங்கவிட்டிருந்த பட்டாசுச் சரத்தை யாரோ கொளுத்திவிட்டார்கள். கூரையே பெயர்ந்துவிட்டது போல ஒரு சத்தம். நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெளியே வந்ததும் டாக்டர் சொன்னது "பாரும், கெதியாப் பாரும்!" என்பதுதான்.

மருந்து சாப்பிடாத எலிக்குப் பாதரசம் எங்கேயோ ஏறியிருந்தது. சாப்பிட்ட எலிக்குக் கொஞ்சம்கூட ஏறவில்லை. அப்படியானால் இதற்குப் பயமே வரவில்லையா? நெஞ்சில் விரலை வைத்துப் பார்த்தேன். தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, மீசை மயிரெல்லாம் நடுங்கியது. பயம் வந்திருக்கிறது, அட்ரினலினும் சுரந்திருக்கிறது. ரத்தக்குழாயில் உட்கார இடம்தான் கிடைக்கவில்லை. எனக்கு ஏனோ அந்த எலியின்மேல் பெரிய ஒட்டுதல் வந்துவிட்டது. பயத்தை எடுத்துவிடுகிற மருந்து என்று நான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாச்சீக்கின் கையைப் பிடித்து அவர் விரலையும் அதன் நெஞ்சில் வைத்துக் காட்டினேன். அவர் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்.

"அப்படியே எங்க வீட்டு மனுஷன்! உள்ள நடுங்கிக்கிட்டே இருப்பாரு, வெளிய மீசையை முறுக்கிக்கிட்டு நிப்பாரு!"

கிளினிக்கில்

போன வாரம் அந்த நாள் வந்தேவிட்டது. மகளோடு போனேன். நாத்தனாரும் கிளேபாங்கிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொண்டார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே மடித்த குழந்தைத் துணிகள், பால் புட்டி, ரப்பர் காம்பு. "ஒருவேளை தேவைப்பட்டாலோன்னுதான் அண்ணி" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குக் காதில் ரயில் ஓடியது. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என் பெயரைக் கூப்பிட்டு, மகளை வாங்கி நாத்தனார் மடியில் வைத்துவிட்டு, என் கையில் பட்டையைச் சுற்றினாள். பாதரசம் இறங்குவதைப் பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னும் கூடத்தான்மா இருக்கு. பெட்டு காலியா இருக்கான்னு கேக்குறேன்" என்று பேனாவை எடுத்தாள்.

எங்கள் கூடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூண்டிலிருந்து இழுத்து எடுத்த எலிக்கு முதலில் பார்ப்பதை எழுதவே கூடாது. பிடித்த பயத்தில் அதற்கு ஏறித்தான் இருக்கும். அந்தக் கணக்கை எழுதினால் இல்லாத பிரஷருக்கு மருந்து கொடுத்து, இறங்கிவிட்டது என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம். அமைதியாக விட்டு, மறுபடி பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். இதை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "மிஸ்ஸி, எழுதாதீங்க. நாங்க எலிக்குக்கூட முதல் தடவை பார்த்ததை எழுத மாட்டோம்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வரிசையில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் என் முழங்கையை இடித்தார். மிஸ்ஸி பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, "எலிக்கா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மகள் அழுதாள். பசி. மிஸ்ஸி என்னை ஒரு திரை மறைவில் உட்கார வைத்தாள். மகள் என் ரவிக்கை ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குடித்தாள், குடித்தபடியே கண் சொருகினாள். வெளியே வரிசை ஓடிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி சத்தமில்லாமல் வந்து, மகளை என் மடியிலேயே விட்டுவிட்டு, மற்ற கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்த்தாள். உள்ளே போய் லேடி டாக்டரை அழைத்து வந்தாள், அவரும் பார்த்தார். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் போன தடவைக்கு எவ்வளவோ இறக்கம், தானாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார். வார்டு வேண்டாம், ஊசி வேண்டாம், உப்பைக் குறை, பாலை நிறுத்தாதே, அடுத்த மாதம் வா என்றார். நாத்தனார் திரைக்கு வெளியே நின்று மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு பையைத் திறந்து, பால் புட்டியை மட்டும் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குழந்தைத் துணிகளை என்னிடம் நீட்டினார். நான் அவற்றை வாங்கி மகளின் தலைக்கடியில் வைத்தேன். மிஸ்ஸி பட்டையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாரும் வந்து ராணி மாதிரி கவனிக்கணும்ன்னு சண்டை போடுவாங்க, எலி மாதிரி கவனின்னு சண்டை போட்ட முதல் ஆள் நீதாம்மா, உங்க எலிக்கெல்லாம் யாரு மிஸ்ஸி?"

பிரஷரை இறக்கும் மருந்துகளோடு இத்தனை நாள் பழகியதில் எனக்கு ஏறியதெல்லாம் அந்த மருந்துகளின் புண்ணியம், இறங்கியதெல்லாம் பால் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாமல் தூங்கிப்போன என் மகளின் கைங்கரியம்.